ஆரோக்கியராஜ் பேரம் பேசிய நோன்பு

சர்ச்சின் பங்குக் கூட்டத்தில் எழுந்து அந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் எவரோ, அவர் செய்தது பச்சைத் துரோகம். ஒரு மனுஷனின் கறிச்சோற்றில் கை வைத்துவிட்டார். ஆரோக்கியராஜ் அப்படித்தான் சொல்வார். கேட்கிறவர் காது கிழியச் சொல்வார்.

சுனாமிக்கு நாலாம் வருஷத் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. ஆரோக்கியராஜ் வீட்டில் வெள்ளிக்கிழமை சுத்த போசனம் என்றால், கறியை நிறுத்திவிட்டு இறாலும் வஞ்சிரமுமாக வெளுத்துக் கட்டுவது என்று அர்த்தம். கடல் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அந்த வருஷம் சாமியார் பிரசங்கத்தில் கேட்டுவிட்டார். "சினை மீனையும் குஞ்சு மீனையும் அரிச்சுத் தின்னுட்டு, படைச்சவரை எந்த வாயால துதிப்பீங்க?"

யோசனை இதுதான்: வீட்டுக்கு ஓர் அட்டை. ஒரு வருஷத்துக்குச் சாப்பாட்டில் எதைக் குறைப்பீர்கள் என்று எழுதி, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு, பீடத்தில் வைக்க வேண்டும்.

ஆரோக்கியராஜ் பழைய கதவு, ஜன்னல் வியாபாரி. சிதம்பரத்தில் ஒரு வீட்டை இடிக்கிறார்கள் என்றால் தூசி அடங்குமுன் அங்கே நிற்பார். ஐந்தாம் வகுப்போடு தெருவுக்கு வந்து, அடிபட்டு மிதிபட்டு மேலே ஏறியவர். அவரிடம் விலை சொல்லித் தப்பித்தவர் கிடையாது.

"எழுதிக்க எழிலு. பாகக்கா."

மனைவி எழிலரசி நிமிர்ந்தாள். "நீங்க எந்தக் காலத்துல மாமா பாகக்கா தின்னீங்க?"

"அதனாலதான் சொல்றேன். வாக்கு சுத்தமா நிக்கும்."

"ஆண்டவர்கிட்டயே உளுத்த ஜன்னலத் தள்ளிவிடுறீங்களா? நான் சொல்றேன். ஆடு, கோழி, மாடு, மீனு, கருவாடு, முட்டை. ஒண்ணும் வேணாம். வருஷம் பூரா."

ஆரோக்கியராஜுக்குக் கொதித்தது. பனியனை இழுத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடையில் உட்காருகிற அதே தோரணை.

"என்னாடி, என்னைப் புல்லு மேய விடப் பாக்குறியா? மொதல்ல முட்டைய எடு."

"சரி, முட்டை உங்களுக்கு."

"கருவாடு?"

"வச்சுக்குங்க."

"மீனு இல்லாம கடலூர்ல எதுக்குடி குடியிருக்கணும்?"

"ரொம்ப ஜாஸ்தி கேக்குறீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, மத்தி, நெத்திலி மட்டும். சினை மீனு வாசப்படி ஏறக் கூடாது."

"கறி? வாரத்துக்கு நாலு நாளு!"

"மாசத்துக்கு ஒருக்கா."

"ஞாயித்துக்கு ஞாயிறு கறி. இல்லன்னா எழுந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்!" பாதி எழுந்தும் விட்டார். அந்தப் பாதி எழுச்சிக்கே விலையை இறக்கிய வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர்.

"ஐயோ, உக்காருங்க மாமா. உங்ககிட்ட யாரால ஜெயிக்க முடியும்? ஆனா மிஞ்சின சோறு குப்பைக்குப் போகக் கூடாது. காலைல பழையதா உங்க வயித்துக்குத்தான் போகணும்."

"அவ்ளோதான? போவட்டும்!"

ஆரோக்கியராஜ் மீசையை நீவினார். அவள் பறித்த ஆறு அயிட்டமும் திரும்பி வந்தாயிற்று. "எங்கடி அட்டை? எழுது."

எழிலரசி பைபிளுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். முட்டை, கருவாடு உண்டு. மீனில் மத்தி, நெத்திலி. ஞாயிறு மட்டும் கறி. காலையில் பழையது. எல்லாம் வரிசையாக, குண்டு குண்டாக, அவள் கையெழுத்தில். கீழே ஒரே ஓர் இடம் காலி.

"நேத்தே எழுதி வச்சுட்டேன் மாமா. இங்க ஒரு கையெழுத்து."

பேசி முடித்ததை மாற்றுகிறவன் வியாபாரியே இல்லை என்று ஊரெல்லாம் முழங்கியவர். போட்டார்.

யோசனை சொன்ன புண்ணியவானே! இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தட்டில் மூன்று மத்தி கிடக்கிறது. மரியாதையாக மஞ்சக்குப்பத்துக்கு வந்து, எழிலரசியிடம் பேசி, வாரத்துக்கு இன்னும் ஒரு நாள் கறி வாங்கிக் கொடும். பேரத்தை நீரே பேசும். ஆரோக்கியராஜுக்கு அதெல்லாம் வராது.