‘இல்லை’ என்று எழுதிய சுவிச்

‘இல்லை’ என்றுதான் றஜிதா எழுதியிருந்தாள். இருந்தும் நித்திரை வெளியே போய்விட்டது.

“பிள்ளை, சங்கத் தலைவற்றை போனிலை காத்தடிக்குது” என்றார் சுபாஸ். தொலைபேசியில் அவர் குரல் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

“என்ன காத்து அண்ணை?”

“வாழையிலைக் காத்து. அவற்றை போனிலை எங்கடை செயலியைப் போட்டுக் குடுத்து, லொறி கூப்பிடச் சொன்னன். அமத்தினார். திரை பச்சையாப் போச்சு. ‘சாரதி நித்திரை, நீங்களும் ஒருக்கா கண்ணை மூடுங்கோ’ எண்டு வருது. உது ஆற்றை வேலை?”

றஜிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய வேலைதான்.

யாழ்ப்பாண நகரில் சுபாஸ் நடத்தும் சின்னக் கம்பனி, வாழைக்குலை ஏற்றும் சிறு லொறிகளை அழைக்க ஒரு செயலி செய்திருந்தது. தோட்டக்காரர் போனில் அழுத்தினால் பக்கத்தில் நிற்கும் சாரதிக்குச் செய்தி போகும். அதன் சேர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் நீர்வேலியில் தன் வீட்டு முன்னறையில் இருந்தபடி றஜிதாதான் எழுதினாள். சோளகக் காற்று வாழைகளை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கண் சொக்கிய நேரத்தில், விளையாட்டாக அந்தப் பச்சைத் திரையை எழுதினாள். யன்னலுக்கு வெளியே கேட்ட இலைச் சத்தத்தையே பிடித்துச் சேர்த்தாள். எழுதி முடித்ததும் அழிக்க மனம் வரவில்லை. அதற்கு ‘நித்திரை’ என்று ஒரு சுவிச் வைத்தாள்.

அப்படியான சுவிச்சுகள் அந்தச் செயலியில் பல. புதிய வசதி எதுவானாலும் முதலில் சேர்வருக்குப் போய் இருட்டில் இருக்கும். சுவிச்சைப் போட்டால்தான் ஆட்கள் கண்ணில் படும். இன்று காலை புதிய பதிப்பு போனபோது, நித்திரைச் சுவிச்சுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதிவிட்டுத்தான் அவள் தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

“கெதியா நிப்பாட்டு. தலைவர் சோமசேகரம் ஐயா ஓம் எண்டால் தென்மராட்சி வாழைச் சங்கம் முழுக்க எங்களிட்டை வரும். இல்லாட்டிக் கந்தோரைப் பூட்ட வேண்டியதுதான்.”

“இப்ப அவர் என்ன செய்யிறார்?”

“போனைக் காதிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார்.”

றஜிதா சுவிச்சைப் பார்த்தாள். ‘இல்லை’ என்றே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓர் எண்: நூறு பேரில் பத்துப் பேருக்கு மட்டும் காட்டு. தலைவர் அந்தப் பத்துக்குள் அகப்பட்டிருக்கிறார். ‘இல்லை’ என்ற சொல் ஏன் எடுபடவில்லை என்று யோசிக்க நேரமில்லை. எண்ணை எடுத்துவிட்டுப் பூச்சியம் போட்டாள்.

மீண்டும் சுபாஸ். “இப்ப என்ரை போனிலையும் காத்து! பண்டத்தரிப்பிலை இருந்து ஆக்கள் எடுக்கினம். என்ன செய்தனீ?”

“பூச்சியம் போட்டன் அண்ணை. ஒருத்தருக்கும் காட்டாதை எண்டு.”

“எல்லாருக்கும் காட்டுது!”

நிரலைத் திறந்து பார்த்தாள். ‘எண் இல்லாவிட்டால் நூறு என்று வைத்துக்கொள்’ என்று அவளே எப்போதோ எழுதியிருந்தாள். அந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்குப் பூச்சியமும் இல்லாததும் ஒன்றுதான்.

“சரி, அந்தச் சுவிச் வரியையே தூக்கிறன்” என்றாள். தூக்கினாள். சேர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள்.

வரி போனதும் சேர்வர் வேறொன்றை நினைவுபடுத்திக்கொண்டது. ‘வரி இல்லாவிட்டால் போட்டுவிடு’. வீட்டில் சோதித்துப் பார்ப்பதற்காக எழுதி, மாற்ற மறந்தது. தோட்டக்காரருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடும் அந்த வரியோடுதான் இருந்தது. இப்போது சாரதிமாரின் போன்களும் பச்சையாகின.

சுபாஸுக்கு எடுத்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. எவரும் எடுக்கவில்லை.

யன்னலால் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கை முடக்கில் புளியமர நிழலின் கீழ் ஒரு லொறி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எதிர்த் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வாழை மூட்டில் இருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்தும் மெல்லிய காற்று வந்தது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், எல்லா இடத்திலும் அதே இலைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசின. எது தோட்டத்துக் காற்று, எது போனில் வருகிற காற்று என்று பிரிக்க முடியவில்லை. உள்ளறையில் அம்மா குணலட்சுமி, நெஞ்சில் போனை வைத்தபடி, அரிசி புடைத்த சுளகுக்குப் பக்கத்திலேயே உறங்கிப்போயிருந்தாள்.

“ஐயோ, நான் மட்டும் முழிச்சிருக்க வேணும்” என்று றஜிதா தனக்கே சொல்லிக்கொண்டாள். விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. இமைகள் இறங்கின.

வாழைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாழையிலும் ஒரு பலகை தொங்கியது. ஒவ்வொன்றிலும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. சேர்வர் ஒரு மனிதனாய் முன்னே போனது. மெலிந்த, கூச்சமுள்ள மனிதன், கையில் விளக்கு. முதற் பலகையைத் தடவிப் பார்த்தான். “ஏதோ எழுதியிருக்கு. அப்ப ஓம்” என்று விளக்கை ஏற்றினான். அடுத்த பலகை. “இதிலையும் ஏதோ எழுதியிருக்கு. ஓம்.” தோட்டம் முழுவதும் பச்சை வெளிச்சம் பரவியது. கடைசி வாழையில் வெறும் பலகை. அதைத் தடவிவிட்டு, “ஒண்டுமில்லை” என்று துக்கமாகச் சொல்லி, இருட்டில் நின்றான்.

றஜிதா துள்ளி எழுந்தாள்.

“அவனுக்கு வாசிக்கத் தெரியாது!”

என்ன சொல் என்று சேர்வர் பார்க்கவில்லை. சொல் ஒன்று இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறது. ‘இல்லை’யும் ஒரு சொல்தானே! ‘ஓம்’ என்று எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் மட்டும் போடு, வேறு எதுவானாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் அணை என்று மாற்றினாள். வரியைத் திரும்ப வைத்தாள். சேர்வரை ஓடவிட்டாள்.

காற்று நின்றது.

“ஏன் பிள்ளை நிப்பாட்டினாய்?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “நல்ல சுகமாய்க் கிடந்தது.”

இம்முறை சுபாஸ் போனை எடுத்தார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

“அண்ணை, சரி வந்திட்டுது. தலைவர் கோவமாய்ப் போயிட்டாரோ?”

“இல்லைப் பிள்ளை. இப்பத்தான் எழும்பி முகம் கழுவுறார். நானும்தான்.” ஒரு கொட்டாவி. “நாளைக்கும் வாறாராம். காத்து எத்தினை மணிக்குத் தொடங்கும் எண்டு கேக்கிறார்.”

றஜிதா போனை வைத்தாள். அப்போது படலையடியில் லொறி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஏரம்பு. அந்தப் பகுதிச் சாரதிமாருக்குள் மூத்தவர். எல்லாருக்கும் சேர்த்துக் கதைப்பவர். அவர் முகத்தில் சிரிப்பில்லை. பின்னால் வந்த லொறிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி, கிட்ட வராமல் நின்றார்கள்.

அவள் ஓடிப்போனாள். “ஏரம்பண்ணை, குறை நினையாதேங்கோ. பிழை முழுக்க என்ரைதான். நான் சும்மா பகிடிக்கு எழுதினது, ஊருக்கே போயிட்டுது. உங்கடை பேர் கெட்டுப்போச்சு.”

ஏரம்பு ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு படலைக்கு மேலால் குனிந்து, மிக மெதுவாகக் கேட்டார்:

“அதை விடு பிள்ளை. மூண்டு வருசமாய் மத்தியானத்திலை ‘லொறி ரயர் காத்துப் போச்சு’ எண்டு சொல்லித்தான் எல்லாரும் படுக்கிறம். எங்களை உன்னட்டைக் காட்டிக்குடுத்தது ஆர்?”