கடல் கொண்டுபோன வேட்டி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம்தான். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது அதில் ஒன்று. அதை நம்பித்தான் அந்தமானில் என் மானத்தை விட்டேன்.

என் மகள் ஸ்டெல்லா சென்னையில் நர்ஸ். அவள் விரும்பிய பையன் அந்தமான்காரன். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவர நானும் மனைவி மேரியும் கீழ் கோத்தகிரியிலிருந்து கிளம்பினோம். தேயிலை பேக்டரியில் லீவு கிடைத்தது. மேரிக்குத்தான் மனசில்லை.

"ஏனுங்க, கடலைத் தாண்டியா பொண்ணைக் குடுக்கறது? ஒரு ஆத்திரம் அவசரம்னா எப்படி ஓடறது?" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

சென்னையில் இறங்கியதும் புலம்பல் நின்றது. அவ்வளவு வெயில். ரயில் நிலையத்தில் நான் நடக்கவே இல்லை; கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தது. என் முகத்தில் ஓடிய வேர்வையைப் பார்த்த ஸ்டெல்லா, "அப்பா, எதுக்கு அழறீங்க?" என்று பதறினாள்.

மூன்று பேருமாக விமானத்தில் அந்தமான் போனோம். பையனின் அப்பாவுக்குப் படகுத்துறையில் வேலை. கடல் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். கல்யாணப் பேச்சு முடியும் முன்பே "சம்பந்தி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். நான் சிரித்தேன். (எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.) மறுநாள் காலை அவர் பேச்சுக்குப் பயந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த கடற்கரைக்கு நழுவினேன்.

தண்ணீர் எங்கேயோ தூரத்தில் பச்சையும் நீலமுமாக மின்னியது. மணல் ஈரமாக இருந்தது. (ராத்திரி மழை பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) புது வேட்டி சட்டையை அங்கேயே மடித்து வைத்துவிட்டு, பட்டாபட்டி டவுசரோடு பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்தேன். வெதுவெதுவென்று இருந்தது. விறகில்லாமல் சுடுதண்ணீர்! எங்கள் ஊரில் இதற்கு எவ்வளவு நேரம் அடுப்பை ஊத வேண்டும்! சுகத்தில் கண் சொக்கிவிட்டது.

விழித்தால் தண்ணீர் கழுத்தில். கடல் மேலே ஏறி வந்திருந்தது. வேட்டி வைத்த இடத்தையே காணோம். விழுந்தடித்துக் கரையேறி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அந்த நேரம் பார்த்து, என்னைச் சாப்பிடக் கூப்பிடச் சம்பந்தி வீடே திரண்டு வந்தது.

அலையில் என் வேட்டி மட்டும் மிதந்தது.

"ஐயோ, போயிட்டாரே!" என்று மேரி அலறினாள். ஸ்டெல்லா அழுதாள். டவுசரோடு அத்தனை பேர் முன்னால் போய் நிற்பதைவிடச் செத்தவனாகவே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். (உண்மையாகவே யோசித்தேன்.)

அதற்குள் பையன் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு கடலில் பாய்ந்தான். வேட்டியைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முங்கி முங்கி என்னைத் தேடினான். ஒருமுறை முங்கியவன் மேலே வரவே காணோம். பயத்தில் என் வெட்கம் பறந்துவிட்டது.

"தம்பி! நான் இங்க இருக்கறனுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

பையன் தலையைத் தூக்கினான். கரையில் அழுகை சட்டென்று நின்றது. அடுத்து சம்பந்தி சிரித்த சிரிப்பு கோத்தகிரிக்கே கேட்டிருக்கும். பையன் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க வந்து, ஈர வேட்டியை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "தண்ணி ஏறும்னு நான் சொல்லியிருக்கணும் மாமா" என்றான்.

மேரி மூக்கைச் சிந்திவிட்டுச் சம்பந்தியிடம் திரும்பினாள். "இந்த மனுசனுக்கே கடல்ல குதிக்கிறவன், நம்ம புள்ளையக் கை உட்ருவானாங்க? தேதி பாருங்க."

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் எனக்கொரு வேட்டி வந்தது. கூடவே, படகு கட்டுகிற தடிக் கயிறு ஒரு சுருள். "இதுல கட்டி வைங்க சம்பந்தி, எங்கயும் போகாது" என்றார் அவர், மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

இப்போது அந்தக் கயிறுதான் எங்கள் வீட்டுத் துணிக்கொடி. வருகிறவர்கள் யாரும், "துணி காயப்போட எதுக்குங்க இத்தனை தடிக் கயிறு?" என்று கேட்காமல் போவதில்லை. மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். லீவு நாளானாலும் நான் பேக்டரிக்குக் கிளம்பிவிடுவேன்.