உள்ளம் அறியும் சூப்பு

அந்த உணவகத்தில் மேசை கிடைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைத்தால், அதன் கல்யாணத்துக்குள் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம் என்றார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வாசல் வரிசையைப் பார்த்திருந்தால் நீங்களும் கூட்டித்தான் சொல்வீர்கள்.

சாப்பாட்டுக்காக யாரும் வரவில்லை. பதினான்கு தவணையாகப் பரிமாறுவார்கள். பதினான்கையும் சேர்த்தால் ஒரு கை நிறையாது. கூட்டமெல்லாம் ஒன்பதாவது தவணைக்கு. அது நீலச் சூப்பு. ஸ்பூனை விட்டுக் கிளற வேண்டும். உள்ளம் சுத்தமென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கசடு இருந்தால் சிவக்கும். சிவந்தவர்களுக்குப் பரிகாரமும் உண்டு: மேலும் ஏழு விருந்து, அதே இடத்தில், அதே விலையில். சமைப்பவரை யாரும் சமையல்காரர் என்பதில்லை. ஞானி! வியாபாரக் கூட்டாளி, வேலைக்கு ஆள், மருமகள் என்று எல்லாரையும் அந்தச் சூப்பில் முக்கி எடுத்துத்தான் ஊர் ஏற்றுக்கொண்டது.

என் மகளையும் முக்கிப் பார்க்க வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. பையனும் பெண்ணும் தாங்களே பழகி முடிவு செய்த சம்பந்தம்தான். ஆனாலும் இரண்டு கிண்ணமும் ஒரே நிறமாக இருந்தால்தான் தேதி குறிப்பேன் என்று அந்த அம்மா ஒற்றைக் காலில் நின்றார். என் மனைவி வர மறுத்துவிட்டாள். "நீங்க போய் அனுபவிங்க. நான் வீட்டுல சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். புத்திசாலி.

ஆக நான், மகள், மாப்பிள்ளை, அவர் அம்மா என்று நாலு பேராக உட்கார்ந்தோம். முதல் தவணையாக முறம் அகலத்தில் ஒரு தட்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு பட்டாணி. வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர் குனிந்து, "இது பட்டாணி இல்ல சார், பட்டாணியோட ஞாபகம்" என்றார். ஞாபகத்தை மென்று விழுங்கினேன். அடுத்ததாக மூடி போட்ட கிண்ணம் வந்தது. திறந்தால் புகை. புகை போனதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் தவணையாம்.

"வயிறு நிறைஞ்சிடுச்சு சம்பந்தி" என்றார் அந்த அம்மா, கண்ணை மூடி.

"எனக்குக் கண்ணுதாம்மா நிறையுது" என்றேன்.

இப்படியே எட்டுத் தவணை போனதும் விளக்குகள் மங்கின. ஒவ்வொருவர் பக்கத்திலும் துணியில் சுற்றிய ஒரு ஸ்பூன். அவரவர் பெயருக்கு மந்திரம் சொல்லி உருவேற்றியதாம். சூப்பு வருவதற்குள் பசி என்னை ஜெயித்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்பூனை நக்கினேன். புளிப்பாக, நன்றாகவே இருந்தது. அன்றைக்கு வாயில் பட்ட முதல் ருசி. பளபளக்கும்வரை விடவில்லை.

சூப்போடு ஞானியும் வந்தார். மாப்பிள்ளை கிளறினார்: நீலம். அவர் அம்மா கிளறினார்: நீலம். என் மகள் கிளறினாள். நீலம் ஊதாவாகி, ஊதா செக்கச் செவேலென்று ஆனது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு உள்ளத்துல தீ இருக்கு" என்றார் ஞானி சோகமாக. "ரத்தத்துல வர்றது. தகப்பனாரும் கிளறட்டும், பாருங்க."

கிளறினேன். நீலம். மறுபடி கிளறினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாத நீலம். ஞானி கையுறைக்காரரைப் பார்த்தார். கையுறைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நல்லா கிளறுங்க சார்."

"இதுக்கு மேல கிளறினா கிண்ணம் ஓட்டையாயிடும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, என்ன பண்ணீங்க?"

"பசிம்மா. ஸ்பூனை நக்கிட்டேன். புளிப்பா இருந்துச்சு."

அவள் யாரும் தொடாத சூப்பு ஒன்று கேட்டு வாங்கினாள். கையுறைக்காரரின் தட்டில் அடுத்த மேசைக்கென்று துணிச் சுருள்கள் இருந்தன. ஒன்றைப் பிரித்து, ரொட்டி எடுக்கும் இடுக்கியால் ஸ்பூனைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் விட்டாள்.

"யாரும் கையால தொடல, பாத்துக்குங்க."

சூப்பு ஆற அமரச் சிவந்தது.

"இப்ப இது யாரோட உள்ளம்?"

"இடுக்கியோடது" என்றார் அடுத்த மேசைக்காரர்.

"ஊதா முட்டைக்கோஸ் வேகவச்ச தண்ணி. துளி சோடா உப்பு போட்டா நீலம், புளிப்பு பட்டா சிவக்கும். வேணுங்கறவங்க ஸ்பூன்ல மட்டும் எலுமிச்சை உப்பைப் பூசிக் காயவச்சிருக்காங்க. அவ்வளவுதான் உருவேத்தறது" என்றாள் மகள்.

மண்டபமே ஸ்பூனை நக்கியது. அங்கே எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். "புளிக்குதே" என்றார் அடுத்த மேசைக்காரர். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "இதை நம்பி என் தம்பியைக் கடையை விட்டே அனுப்பிட்டேனே."

"எதுக்குய்யா எங்க மேசைக்குப் புளிப்பு?" என்று சம்பந்தியம்மா கையுறைக்காரரைப் பிடித்தார்.

"நீங்கதானேம்மா போன்ல, என்ன பரிகாரம்னாலும் செய்யறோம்னு சொன்னீங்க" என்றார் அவர், பாவம், உண்மையை.

ஞானி சமையலறைக்குள் போனவர் போனவர்தான். எந்தக் கதவு வழியாக என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் செய்த ஒரே அற்புதம் அது.

சம்பந்தியம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "பொய்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அப்ப தேதி குறிச்சிடலாம்."

"இருங்க அத்தை" என்றாள் மகள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். "சூப்பு பொய். நீங்க நாற்காலியைத் தள்ளிப் போட்டது நிஜம்தானே?"

"அது... அம்மா பக்கத்துல இருந்தாங்க. என்ன பண்றதுன்னு தெரியல."

"தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க. அப்புறம் தேதி பாக்கலாம்."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. யோசிக்கட்டும், நல்ல பழக்கம். ஸ்பூனை நக்கிப் பார்க்க எனக்காவது பசி வேண்டியிருந்தது. உங்களுக்கு மூளையே போதும். அதையும் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொண்டு, எவனாவது வந்து கிளறட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.