கணக்கில் ஒன்று

மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக் காட்டுவது என்று ஆகஸ்ட் மாதத்தில் முடிவெடுத்தேன். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அதுவே முதல் முயற்சி.

காரணம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு குரல் செய்தி. வருட ஆரம்பத்தில் என் மனைவி தியோலிந்தா, "சமையல் நான், துணி நான், பள்ளிக்கூடத்தையாவது நீங்க பாருங்க" என்றாள். "மக படிப்பு இனி என் பொறுப்பு!" என்று மார்தட்டி என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். பொறுப்பு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியை ஒப்துலியா அதன் பிறகு எத்தனையோ செய்தி அனுப்பினார். நான் திறந்தது இது ஒன்றைத்தான்.

"நில்சா கணக்கில் ஒன்று."

எங்கள் பராகுவேயில் மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து வாங்கினால் மேதை. ஒன்று வாங்கினால் என் மகள்.

"பின்னங்களில் தடுமாறுகிறாள். வீட்டில் யாராவது தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்தால் தேறிவிடுவாள். இல்லாவிட்டால் இதே வகுப்பில் மறுபடியும் ஒரு வருடம்."

எனக்குத் தெரிந்த ஒரே கூட்டல், என் முடிதிருத்தும் கடையைக் கூட்டுவது. இருந்தாலும், மார்தட்டியவன் மானம் தியோலிந்தாவிடம் போய்விடக் கூடாதே என்று நில்சாவைத் தனியாக அழைத்தேன். பன்னிரண்டு வயதுப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் மக்கா?"

நெஞ்சில் கத்திரி பட்டதுபோல இருந்தது.

"சேச்சே! நீ என் பொண்ணும்மா!"

"அதான் கேக்குறேன்."

அன்றிலிருந்து ஊரே மதியத் தூக்கம் போடும் நேரத்தில், கடைக் கதவைச் சாத்திவிட்டு அப்பனும் மகளும் பாடம் படித்தோம். முதல் வாரம் பின்னம் என்னைப் பின்னி எடுத்துவிட்டது. காலும் அரையும் சேர்ந்தால் முக்கால் என்பதை நில்சாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுக்கக் கொடுக்க அவளுக்கே புரிய ஆரம்பித்தது. என் மண்டையால் என் மகளுக்கு விளைந்த முதல் நன்மை!

மூன்றாம் நாளே தியோலிந்தா பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, தூங்குற நேரத்துல ரெண்டு பேரும் கடையில என்ன பண்றீங்க?"

"கண்ணாடி துடைக்கிறோம்."

"ஒரு மணி நேரமாவா?"

"பெரிய கண்ணாடி."

"அப்ப பசிக்குமே" என்று சோளமாவும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட ஒரு தட்டு 'சோபா' ரொட்டியை என் கையில் திணித்தாள். "வெட்டல. எட்டோ பன்னெண்டோ, நீங்களே வெட்டிக்குங்க."

பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சோபா ரொட்டியே எங்களுக்குப் பாடப்புத்தகமானது. எட்டில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. சரியான விடைகளை நில்சா தின்றாள், தப்பானவற்றை நான். செப்டம்பரில் நான் நாலு கிலோ ஏறினேன். அக்டோபரில் இரண்டு கிலோ இறங்கியபோதுதான் மகள் தேறுகிறாள் என்று தெரிந்தது. ஆசிரியையின் செய்திகளை இப்போது வந்தவுடன் திறந்தேன். "இரண்டு." பத்து நாள் கழித்து, "மூன்று. கரும்பலகைக்குத் தானே எழுந்து வந்தாள்." அதை மட்டும் ஏழு தடவை கேட்டேன்.

நவம்பர் கடைசியில் பள்ளி ஆண்டு முடிந்து மதிப்பெண் ஏடு தரும் நாள் வந்தது. பிளேடு வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆசிரியை ஏட்டை நீட்டினார். கணக்கு: நான்கு.

கண் கலங்கிவிட்டது. "பேனா கொடுங்க டீச்சர், கையெழுத்துப் போடணும்" என்றேன், கம்பீரமாக.

பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தைத் தேடினேன். எல்லாக் கட்டத்திலும் உருண்டை உருண்டையாக ஒரே கையெழுத்து. தியோலிந்தா.

"இது... எப்ப..."

"ஒவ்வொரு தடவையும் முதல் ஆளா வந்து போடுவாங்களே! அந்த 'ஒன்று' பத்தி அவங்ககிட்ட நேர்லயே சொன்னேன். அதை உங்க நம்பருக்கும் அனுப்பச் சொன்னது அவங்கதான். 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என் தலையில கட்டிடுவாரு. தெரியாதுன்னு நெனச்சா தானே உக்காருவாரு'ன்னாங்க." ஆசிரியை சிரித்தார். "நில்சா மாறினது நிஜமா உங்களாலதான் சார்."

கோபப்பட ஆசைப்பட்டேன். ஏட்டில் இருந்த நான்கு விடவில்லை.

வீட்டு வாசலில் நில்சா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பின்னால் தியோலிந்தா.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமாத் தவிச்சிட்டிருந்தேன்" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். "அடுத்த வருஷத்துக்குப் பெற்றோர் சங்கத் தலைவர் நீங்கதான்."