வயர்லெஸ் பங்கும் கருப்பசாமி கிடாவும்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். இதை யாரும் கல்லில் வெட்டி வைக்காதது பெரிய குறை. வைத்திருந்தால் நான் படித்திருப்பேன். (படித்திருந்தாலும் அதன்படி நடந்திருப்பேனா என்று என் மனைவி கேட்கிறாள். அது வேறு விஷயம்.)

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு தேனியில் பஞ்சு கமிஷன் கடை வைத்திருந்தேன். அடிக்கடி ரயிலேறி மதுரை போய்வருகிறவன் ஆகையால் உலகமே என் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. அப்படிப் போனபோதுதான் ஒரு வக்கீல் வீட்டில் ரேடியோப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டிக்குள்ளிருந்து யாரோ பாடினார். மிருதங்கக்காரரும் உள்ளேதான் இருந்தார். சென்னையிலேயே இந்தப் பெட்டியைச் செய்கிற வயர்லெஸ் கம்பெனி ஒன்று பங்கு விற்கிறது என்றார் வக்கீல். அவர் காப்பி கொண்டுவரச் சொல்லுமுன் நான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் வாங்கியதோடு நின்றிருக்கலாம். நேரே பண்ணைப்புரத்துக்குப் போய் மாமனாரிடம் வாயைத் திறந்தேன். அவர் தோட்டத்துக் கிணற்றில் கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்து மாடும் ஆளும் தேய்ந்துபோயிருந்த காலம். ஆயில் இஞ்சின் வாங்கப் பல வருஷமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

“இஞ்சின் தண்ணியத்தான் எறைக்கும் மாமா. இந்தப் பங்கு பணத்தையே எறைக்கும்” என்றேன்.

குதப்பிய வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். “பொண்ணக் குடுத்த எடம். பொய் சொல்ல மாட்டீக” என்றார். இஞ்சின் பணம் அத்தனையும் பங்காக மாறியது.

அடுத்த வருஷமே வழக்கு வந்தது. ரேடியோவுக்குள் எரிகிற வால்வுகளை இணைக்கும் முறை எங்கள் பேட்டண்டு, கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று ஒரு சீமைக் கம்பெனி நம் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டது.

“பேட்டண்டுன்னா என்ன மாப்பிள்ளை?”

“புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சவனுக்கு, கொஞ்ச வருசத்துக்கு அது பட்டா போட்டுக் குடுத்த மாதிரி மாமா.”

“அப்ப நம்ம ஆளுக அடுத்தவன் பட்டாவுல உழுதிருக்காக.”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்ல” என்றேன். (அப்படித்தான்.)

வழக்கு நடக்கும்வரை லாபம் கிடையாது. பங்கை விற்கலாம் என்றால் தொட ஆள் கிடையாது. சந்தைக்கு வருகிற மாமனார் என் கடையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல “கேசு எப்படி இருக்கு?” என்பார். அந்தக் கோடையில் கமலை மாடு ஒன்று படுத்துவிட்டது. அப்போதும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கேசு ஜெயித்தால் வெட்டுவதாகக் கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் வழக்கு ஜெயித்தவன் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுவான். தோற்றவன் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றி வீடு போய்ச் சேருவான். இரண்டு கட்சியும் பேசி ராஜியாகப் போனால், பணத்தை வாங்கினவன் ஜெயித்தவன், கொடுத்தவன் தோற்றவன். வாய்க்காலுக்கும் வரப்புக்கும் இதுதான் சட்டம்.

ஒருநாள் ரயிலில் வந்த பேப்பரைப் பிரித்தேன். ‘வயர்லெஸ் வழக்கு முடிவு’ என்று தலைப்பு. கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதைப் படிப்பதற்குள் பண்ணைப்புரம் பஸ் போய்விடும். ஓடினேன்.

“மாமா, கேசு முடிஞ்சிருச்சு.”

“செயிச்சாச்சா?”

“பின்ன?”

மறுநாள் கிடா விழுந்தது. உறுமி அடித்தார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. மாலை விழுந்தால் எனக்குக் கற்பனை வரும். நீதிபதி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னதையும், வெள்ளைக்கார வக்கீல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததையும் கூடவே இருந்து பார்த்தவன்போல் பந்தியில் எடுத்துவிட்டேன்.

முதல் பந்தி பாதி முடிந்தபோது என் மைத்துனன் வீரணன் உத்தமபாளையத்திலிருந்து வந்தான். அங்கே வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. கையில் அதே பேப்பர். பொடி எழுத்தையும் படிக்கிற கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு.

“மச்சான், இது ராஜியாப் போன கேசுல்ல? எதுக்கு உறுமி?”

இலையோரம் நின்று உரக்கப் படித்தான். இனி செய்யும் ஒவ்வொரு பெட்டிக்கும் நம் கம்பெனி சீமைக் கம்பெனிக்கு லைசென்ஸ் பணம் கட்டும். ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுக்கும். ஆகவே இந்த வருஷமும் பங்குதாரர்களுக்கு லாபம் இல்லை.

உறுமி நின்றது. மாமனார் கையில் நல்லி எலும்பு.

“மாப்பிள்ளை, பணம் குடுக்கிறது ஆரு?”

“நம்மதான் மாமா.”

“வாங்குறது?”

“அவுக.”

எலும்பை மெதுவாக இலையில் வைத்தார். “அப்ப கிடாய அவுகதான வெட்டியிருக்கணும்.”

பந்திக் கடைசியிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: “வெட்டுனது வெட்டியாச்சு. ஏலே, இங்கன கொஞ்சம் கொழம்பு ஊத்து.”

மாலையைக் கழற்றிவிட்டு மாமனார் பக்கத்தில் போனேன். “கம்பெனி இனி தேறாது மாமா. கெடச்ச வெலைக்குத் தள்ளிருவோம்.”

“ஊரக் கூட்டிக் கிடா வெட்டிட்டு, சாயங்காலமே வித்தா சிரிக்க மாட்டாகளா? எம்பங்கு கெடக்கட்டும். வேணும்னா நீங்க வித்துக்கங்க.”

வீரணன் காதோரம் வந்தான். “பாதி வெலைக்கு வாங்க ஒரு ஆளு இருக்காக மச்சான்.” கொண்டுவா என்றேன். வாங்குகிறவர் பெயருக்கான இடம் காலியாக இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரு முட்டாளைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தேன்.

முட்டாள் யார் என்று போகப் போகத் தெரிந்தது. வழக்கு ஒழிந்ததும், பயந்து ஒதுங்கியிருந்த பாங்கிக்காரர்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் தைரியமாகப் பெட்டி எடுத்தார்கள். லைசென்ஸ் இல்லாத போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பிறகு சண்டை வந்தது. செய்தி கேட்க ஊருக்கு ஊர் பெட்டி தேடினார்கள். கட்டுகிற லைசென்ஸ் பணம் பெட்டி விலையில் கறிவேப்பிலை அளவுதான். மாமனாருக்கு லாபம் வந்தது, பங்கு விலையும் ஏறியது. தோட்டத்தில் இஞ்சின் ‘டுப்பு டுப்பு’ என்று ஓடத் தொடங்கியது. பண்ணைப்புரம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குக் கேட்கும்.

ஒருநாள் தேனி ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. மேலே என் மனைவி பேச்சியம்மாளின் பெயர்.

“என்ன இது?”

“ரேடியோ. இத்தன பங்கு வச்சிருந்தா சலுக வெலைக்குக் குடுக்குறாக. ஒங்க பங்க நாந்தான் வாங்குனேன். எரும வித்த காசு. தம்பி முடிச்சுக் குடுத்தான்.”

“ராஜியானா கம்பெனி நிமிரும்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“அது என்ன எழவோ. எனக்குப் பெட்டி வேணும்னு இருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேற கம்பெனி சொல்லியிருப்பீக.”

மாமனாருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். “எங்க மாப்பிள்ளைகிட்டக் கேக்காம எதையும் விக்காதீக” என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்தார். இன்றைக்கும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காய்க்காரர்கள் மூட்டையோடு வண்டியை என் கடைவாசலில் நிறுத்துகிறார்கள்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீக?”

“இன்னிக்கே வித்துருவேன்” என்பேன்.

“ரொம்ப சந்தோசம்” என்று வண்டியை ஊருக்குத் திருப்புவார்கள்.

இதுவரை என் யோசனையால் ஒருத்தரும் நஷ்டப்பட்டதில்லை. விலை ஏறியதும் மறக்காமல் வந்து ஆளுக்கு ஒரு பிடி ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பாயசத்தின் வாசம் தெருக்கோடி வரை வரும்.