பிளேன் அண்ணனுக்கு மேகம் பிடித்த கதை

அழுக்குக்கு இத்தனை மரியாதை கொடுத்த மனிதர் புளத்கொகுபிட்டியில் மட்டுமல்ல, பூமியிலேயே வேறொருவர் இருக்க முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் எலக்ட்ரீசியன். எல்லாருக்கும் பிளேன் அண்ணன். பிளேனில் ஏறியதே இல்லை.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறதே, அதில் வரும் பழைய யுத்த விமானங்களுக்கு நிறம் பூசுவார். இனாமாக. எந்தெந்த நாட்டுக்காரர்களோ இணையத்திலிருந்து இறக்கிப் பறப்பார்கள். நிறம் லேசாம், அழுக்குத்தான் கஷ்டமாம். "யுத்தத்துல எவன்டா பிளேன கழுவினான்?" என்பார். கரி, எண்ணெய்க் கோடு, உரிந்த பெயிண்ட் எல்லாம் நிஜப் பொருள்களில் படமெடுத்துத்தான் விமானத்தில் ஒட்டுவார்.

வீட்டில் சோற்றுச் சட்டியின் அடியைத் தேய்க்கத் தடை.

"ஊருல புருஷன்மாரு பொண்டாட்டிய போட்டோ புடிப்பாங்க. இவரு சட்டிக்கு அடியில படுத்துப் புடிக்கிறாரு" என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பொருமுவார்.

"அது எஞ்சின் புகை, கை வைக்காத!" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.

ஹரிகேன் விமானத்தின் இடது இறக்கையில் மட்டும் மாதக்கணக்காய் மாட்டிக்கொண்டார். விமானி மிதித்து ஏறும் இடம். பச்சை தேய்ந்து வெள்ளி தெரியவேண்டும். உதவலாமென்று துருப்பிடித்த தகரமொன்றைத் தூக்கிப் போனேன்.

"அலுமினியம் துருப்பிடிக்குமாடா, மடையா?"

கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: கொழுந்து லொறியின் பின்கதவு. பச்சையடித்த அலுமினியம். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை இறக்கி மிதித்து மிதித்து ஏறிய தேய்வு. கெமராவோடு ஓடினால், லொறி சக்கரம் கழற்றி, நகர்த்த வழியில்லாமல் நடு வெயிலில் நிற்கிறது. பக்கத்தில் பெயிண்டர் வாளியைக் கலக்குகிறான்.

"மல்லி, என் தம்பியில்ல, மேகம் வரட்டும். வெயில்ல எடுத்தா நிழல் விழும், படம் உதவாது" என்று கெஞ்சினார் பிளேன் அண்ணன்.

"ஐயோ அண்ணே, பெரிய துரை வாறாரு! பகலுக்குள்ள அடிச்சு முடிக்கணும்."

வருஷமெல்லாம் மழை கொட்டும் ஊர். அன்றைக்கென்று வானம் துடைத்துவிட்டாற்போல். பிளேன் அண்ணன் கதவோடு ஒட்டி, கைகளை விரித்து நின்றார். "அடிக்கிறதுன்னா என்மேல அடி!"

கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் அக்காதான் முதலில், செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்தார்.

"வாங்கடி, இந்த மனுசனுக்கு மேகம் புடிப்போம்."

படங்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரையாயின. நிழல் ஒரே சீராய் இறங்கியது. படம் சரியாய் விழுந்தது. பெயிண்டரும் ஒரு முனையைப் பிடித்திருந்தான்.

இப்போது கம்ப்யூட்டரில் யார் யாரோ எங்கள் பெண்கள் தேய்த்த இடத்தில் மிதித்து, யுத்தத்துக்கு ஏறிப் போகிறார்கள்.

நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். வழியில் எங்காவது பச்சை உரிந்த தகடு கண்ணில் பட்டால், நகத்தால் சுரண்டி அலுமினியம்தானா என்று பார்த்து, மேகம் வரும்வரை நின்று, படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.