முள்ளம்பன்றியும் பொதுக் குகையில் வைத்த புரொஃபைலும்

ஒரு காட்டில், இருட்டிக் கொஞ்ச நேரம் கழித்து, "ணொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பாம்பு இப்படிக் கத்தாது. நரியும் கத்தாது. ஆகவே இது அவை இரண்டையும்விட மோசமான ஏதோ ஒன்று என்று பிரிசில்லா என்ற முள்ளம்பன்றி முடிவு செய்தது. உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்து எழுந்து, அதில் பாதி வெள்ளை ஜன்னல் திரையில் மாட்டிக்கொண்டது. திரையோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் வெள்ளையாக யாரோ நிற்பது தெரிந்து, அது இன்னொரு முறை பயந்தது. கான்வென்ட்டில் படித்த பிராணி. பயந்தாலும், "எக்ஸ்க்யூஸ் மீ, யாரது?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் பயப்படும்.

குட்டி மட்டும் தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் போட்டது, பிரிசில்லா சற்றுமுன் புரொஃபைலைத் திறக்கத் தட்டிய கம்ப்யூட்டர். அதில் ஒரு செய்தி வந்திருந்தது: "உங்கள் புரொஃபைல் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது. திறக்க இயலாது."

"நான் இங்கே இருக்கேன். அப்போ அங்கே இருக்கிற நான் யாரு?" என்றது பிரிசில்லா. பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. கணவனுக்குப் பக்கத்துக் காட்டில் வேலை.

அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவரவர் சாமான் அவரவருக்குக் கிடைக்க வேண்டும் என்று மேனேஜர் யானை, எல்லா மிருகங்களின் பிரவுசர் புரொஃபைலையும் பொதுக் குகையிலிருந்த ஒரே சர்வரில் வைக்கச் சொல்லியிருந்தது. பாஸ்வேர்டு, புக்மார்க், இதுவரை தேடியது எல்லாமே அங்கேதான்.

தேடியது! அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பிரிசில்லா பதறியது. ஏனென்றால் அந்தக் காட்டின் தைரியப் பயிற்சி டீச்சரே அதுதான். உடம்பு முழுக்க முள் இருக்கிறதே என்று யானை கொடுத்த வேலை. பகலில் மான்குட்டிகளை வரிசையாக நிறுத்தி, "கண்ணை மூடாதே! நேராகப் பார்!" என்று அதட்டும். இரவில் உட்கார்ந்து தேடும்.

"குட்டி அதிகமாகத் தூங்கினால் ஆபத்தா." "குட்டி தூங்காவிட்டால் ஆபத்தா." "வௌவால் காதுக்குள் நுழையுமா." "இருட்டில் சத்தம் கேட்டால் கத்தலாமா."

இதை யாராவது படித்தால் வேலை போய்விடும். அதைவிட மோசம், மான்குட்டிகள் சிரிக்கும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தேவாங்குக்குப் போன் போட்டது. தேவாங்குக்கு இரவில்தான் முழிப்பு.

"தம்பி, யாரோ என் புரொஃபைலுக்குள்ள பூந்துட்டாங்க!"

"யாரும் பூரலைக்கா. ஆபீஸ்ல மூடாம ஓடி வந்திருப்பீங்க. அஞ்சு மணி அடிச்சா உங்களைப் பிடிக்க முடியுமா?"

"நான் ஓடலை. வேகமா நடந்தேன்."

"சரிக்கா, நடந்தீங்க. ஒரு இடத்துல திறந்திருந்தா, அந்த ஃபோல்டர்ல லாக்னு ஒரு குட்டி ஃபைல் உட்கார்ந்துக்கிட்டு இன்னொரு இடத்துல திறக்க விடாது. சில நேரம் கம்ப்யூட்டர் பொசுக்குன்னு அணைஞ்சுட்டா, ஆள் போன பிறகும் அது மட்டும் அங்கேயே கிடக்கும். அதை அழிச்சாத் திறந்துடும். ஆனா முதல்ல ஆபீசுக்குப் போய், நிஜமாவே மூடியிருக்கான்னு பாருங்க. அங்கேயும் திறந்து இங்கேயும் திறந்தா, ரெண்டும் ஒரே ஃபைல்ல எழுதி எல்லாம் கூழாயிடும்."

"இப்பவா? இருட்டுலயா?"

"நீங்கதானேக்கா தைரிய டீச்சர்?"

பிரிசில்லா வாசல்வரை போனது. ஒரு காய்ந்த இலை விழுந்தது. திரும்பி வந்தது. போனை எடுத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதுபோல நடித்தபடி, "போய்ப் பாத்துட்டேன் தம்பி. மூடித்தான் இருக்கு" என்றது.

"அதுக்குள்ளயா?"

"சொன்னேனே, வேகமா நடப்பேன்."

லாக் ஃபைலை அழித்தது. புரொஃபைல் திறந்தது. பிரிசில்லா நெஞ்சைத் தடவிக்கொண்டு, அன்றைய புதுச் சந்தேகங்களைத் தேட ஆரம்பித்தது.

அலுவலகத்திலோ கம்ப்யூட்டர் மூடப்படவே இல்லை. பகலெல்லாம் குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, எட்டி எட்டிப் பார்ப்பதற்காக பிரிசில்லாவே திறந்து வைத்த கேமரா, ஆளில்லாத காப்பகத் தொட்டிலை அக்கறையாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே புரொஃபைலில் இங்கே ஒரு பிரிசில்லாவும் அங்கே ஒரு பிரிசில்லாவும் விடிய விடிய எழுதின. காலையில் எல்லாம் கூழாகியிருந்தது.

"பழைய நகல் ஒண்ணு இருக்கு. போட்டுடறேன்க்கா" என்றது தேவாங்கு. ஆனால் அது பகல் நேரம். தேவாங்குக்குக் கண் சொக்கியது. பிரிசில்லாவின் ஃபோல்டரில் போட வேண்டியதை, எல்லா மிருகங்களுக்கும் போய்ச் சேரும் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டு, மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டது.

காட்டுப்பன்றி கிழங்கு விலை பார்க்க "கி" என்று தட்டப்போய், பக்கத்து எழுத்தைத் தட்டிவிட்டது. "குட்டி அதிகமாகத் தூங்கினால் ஆபத்தா" என்று கேட்டது கம்ப்யூட்டர். கரடிக்கு வேறொன்று வந்தது; எல்லாவற்றின் மேலும் பிரிசில்லாவின் பெயர் இருந்தது. மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்க இதே பேச்சு. யானை கூப்பிட்டனுப்பியது.

யாரோ என் பெயரில் தேடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனது பிரிசில்லா. ஆனால் மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் கான்வென்ட் பழக்கம் முந்திக்கொண்டது.

"பிரிசில்லா டீச்சர், இதெல்லாம் நீங்க தேடினதா?"

"யெஸ் மேடம்."

"வௌவால் காதுக்குள்ள நுழையுமாம்! என் காது எவ்வளவு பெரிசுன்னு பாத்தீங்களா? நேத்துவரைக்கும் பஞ்சுகூட வைக்காமத் தூங்கியிருக்கேன்!" யானை இரண்டு காதையும் மடக்கி மூடிக்கொண்டது. "இந்தக் காட்டுல இருக்கிற ஆபத்து அத்தனையும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். இன்னையிலேருந்து இரவு ரோந்துக்கு நீங்கதான் தலைவர்."

"மேடம், நான் பயத்துலதான் தேடினேன். சத்தியமா. நான் சரியான பயந்தாங்கொள்ளி."

"அடக்கத்தைப் பாருங்க!" என்று வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றியிடம் சொன்னது யானை. காட்டுப்பன்றி கைதட்டியது.

சாயங்காலம் தேவாங்கு எழுந்து வந்து, பிரிசில்லாவின் புரொஃபைலை வீட்டுக் கம்ப்யூட்டருக்கே மாற்றிக் கொடுத்தது. "பொதுக் குகையில வெச்சா இப்படித்தான்க்கா. அவங்கவங்களது அவங்கவங்ககிட்ட இருந்தா ஒரு தொல்லையும் கிடையாது."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?"

"சொன்னா அப்புறம் எனக்கு என்னக்கா வேலை?"

தேவாங்கு போனதும் இருட்டியது. வாசலில் காட்டுப்பன்றியும் கரடியும் நாலைந்து மான்களும் டார்ச்சோடு வந்து நின்றன.

"மேடம், ரோந்துக்குக் கிளம்பலாமா?"

பிரிசில்லா கதவைத் தலை நுழையும் அளவுக்குத் திறந்தது. "இந்த இருட்டுலயா? எல்லாரும் வீட்டுக்கு ஓடுங்க!"

"நாங்க இத்தனை பேர் இருக்கோமே மேடம்?"

"இத்தனை பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"எது மேடம்?"

"அது தெரியாமத்தானே நான் ராத்திரி பூரா தேடறேன்!"

கரடி டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. மான்கள் அதற்கு முன்பே ஓடியிருந்தன. காட்டுப்பன்றி மட்டும் ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஓடியது. பிரிசில்லா குட்டியை வாரி எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டது.

நீதி: உங்கள் ரகசியத்தைப் பொது இடத்தில் வைக்காதீர்கள்; யாராவது படித்துவிட்டுப் பதவி உயர்வு கொடுத்துவிடுவார்கள்.